உள்ளங்கைத் தண்ணீர்

அந்த அக்கா தண்ணீரை நேராக ஊற்றவில்லை. பாட்டிலைச் சரித்துத் தன் உள்ளங்கையைக் குழித்து அதில் வாங்கி, கையின் சூடு ஏறட்டும் என்று கொஞ்சம் பொறுத்தாள். சில்லென்று பட்டால் குழந்தை பதறுமாம். முதுகில் போட்ட ஊசியால் இடுப்புக்குக் கீழே மரத்துக் கிடந்த எனக்கு அந்தத் தாமதத்தில் உயிர் போய்க்கொண்டிருந்தது. நர்ஸ் ஆக்ஸிஜன் குழாயைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். குழந்தையைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஆம்புலன்ஸ் வாசலில் நின்றது. என் மகளுக்கு அப்போது பிறந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. உதடு நாவல்பழம் தின்ற நிறம். அவ்வளவுக்கும் நடுவே, ஒரு கை தண்ணீரைச் சூடாக்க அவளுக்குப் பொறுமை இருந்தது.

ராயபுரத்தில் நாங்கள் கீழ்வீடு, அவள் மாடி. என் கணவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டப் போயிருந்தார். மாமியார் மாதா கோயில் சாமியாரை அழைத்துவர ஆட்டோவில் போனவர், டோல்கேட்டில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டார். துணைக்கு இருந்தது மாடி வீட்டு அக்கா மட்டும். வண்ணாரப்பேட்டையில் துணிக்கடை வைத்திருந்த பாயின் மனைவி. ஞானஸ்நானம் வாங்காமல் என் பிள்ளை போய்விடக்கூடாது. அந்த நேரத்தில் எனக்கு வேறு எந்த ஆசையும் இல்லை. சாகிற ஆபத்தில் யார் வேண்டுமானாலும் தண்ணீர் ஊற்றலாம் என்று மறைக்கல்வியில் படித்தது நினைவுக்கு வர, அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டேன்.

"நானாடி? நான் பாய் வூட்டுப் பொம்பள."

யாரானாலும் செல்லும் என்றேன். அவள் என்னைப் பார்த்தாள், குழந்தையைப் பார்த்தாள், முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டாள். நான் ஒவ்வொரு சொல்லாகச் சொன்னேன். தந்தை, மகன், தூய ஆவி. அவள் வாய் அந்தச் சொற்களை அதுவரை ஒருநாளும் உச்சரித்ததில்லை. அவளுடைய மார்க்கத்தில் அவை சொல்லக்கூடாத சொற்கள் என்பது எனக்கும் தெரியும். அவற்றைத் திருப்பிச் சொல்லியபடி மூன்று முறை ஊற்றினாள். நெற்றியிலிருந்து காதுப்பக்கம் வழிந்ததைத் தன் முந்தானையால் ஒற்றி எடுத்தாள். பிறகு குழந்தையைக் கொண்டு போய்விட்டார்கள்.

குழந்தை பிழைத்தது. அங்கேதான் சிக்கலும் தொடங்கியது. "பாய் வூட்டுக்காரி ஊத்துனா அது குளிப்பாட்டுறதுடி, ஞானஸ்நானம் இல்ல" என்றார் மாமியார். கோயிலில் முறையாக இன்னொரு தடவை ஊற்றியே ஆகவேண்டும் என்று பிடிவாதம். சாமியாரோ ஒருவருக்கு இரண்டு தடவை கொடுக்க முடியாது, முதலில் ஊற்றியது செல்லுமா என்று ஊற்றியவளிடமே தான் விசாரிக்கவேண்டும் என்றார். அதற்குள் தெருவில் பேச்சு கிளம்பி, பாயின் கடை வரைக்கும் போயிருந்தது. மாடியில் அக்காவின் கொழுந்தனார் அவளை ஏசுவது எங்களுக்குக் கீழே கேட்டது. கோயிலுக்குப் போகிற வழியில் நானே அவளிடம் சொன்னேன்: 'சும்மா இவள் மனசு ஆறுவதற்காக ஊற்றினேன்' என்று சொல்லிவிடுங்கள் அக்கா, உங்கள் வீட்டிலும் அமைதி, என் மாமியாருக்கும் திருப்தி. அவள் எனக்கு முன்னால் நடந்தாள்.

கோயில் தாழ்வாரத்தில் ஒரு கூட்டமே இருந்தது. மீன் விற்றுவிட்டு வந்த பெண்கள், பூசைக்கு வந்தவர்கள், வாசலுக்கு வெளியே செருப்பைக் கழற்றாமல் நின்ற அவள் கணவர். தண்ணீர் தலையில் ஓடியதா, என்ன சொன்னாய் என்றெல்லாம் சாமியார் கேட்டார். கடைசியில், என்ன நினைத்து ஊற்றினாய் என்றார். ஒரு பொய் போதும், அவள் வீடு திரும்பிவிடலாம்.

"இவ எத நெனச்சி என்னாண்ட கேட்டாளோ, அத நெனச்சித்தான் ஊத்துனேன். இல்லன்னு சொன்னா கொயந்தைக்கு இல்லாம பூடும்."

சாமியார் குழந்தையின் தலையில் கை வைத்தார். பிறகு, தண்ணீர் வேண்டாம், அது ஆகிவிட்டது என்றார். எண்ணெய் பூசினார், வெள்ளைத் துணி போர்த்தினார், மெழுகுவர்த்தி ஏற்றினார். முறைப்படி ஞானத்தாயாக நின்றவள் என் நாத்தனார். அக்கா தாழ்வாரத்திலேயே நின்றாள். பாய் அவளுடன் சில மாதங்கள் சரியாகப் பேசவில்லை. மாடியில் தட்டு வைக்கிற சத்தத்தில் அது தெரியும். அவள் ஒரு நாளும் அதைச் சொல்லி என்னிடம் மூக்கைச் சிந்தவில்லை. பெருநாளுக்கு வழக்கம்போல் எங்கள் பங்கு பிரியாணி இறங்கி வந்தது.

என் மகள் இப்போது கல்லூரிக்குப் போகிறாள். பாய் தவறிவிட்டார். அக்கா எம்.கே.பி. நகரில் மகனோடு இருக்கிறாள். முழங்கால் வலியால் நாற்காலியில் உட்கார்ந்தே தொழுகிறாள். போன மாதம் பார்க்கப் போனபோது, இத்தனை வருடம் கேட்கத் துணியாததைக் கேட்டேன். அன்றைக்குச் சொன்ன சொற்களை நினைத்து அவள் எப்போதாவது பயந்ததுண்டா?

தஸ்பீ மணியை உருட்டிக்கொண்டிருந்த விரல் நின்றது.

"அஞ்சு வேளயும் அவன் முன்னாடிதான் போய் நிக்கிறேன். ஒரு வேளகூட அவன் அதப் பத்திக் கேக்கலடி."