மாப்பிள்ளை அழைப்புக்கு ஒரு ஸ்போர்ட்ஸ் கார்

தொண்ணூறுகளில் செங்கல்பட்டில் கல்யாணம் செய்துகொண்ட மாப்பிள்ளைகளில் பாதிப் பேரை நான் ரியர்வியூ கண்ணாடியில்தான் பார்த்திருக்கிறேன். மாப்பிள்ளை அழைப்பு ஊர்வலத்துக்கு வாடகைக்குப் போகும் ஓப்பன் கார் எங்களுடையது. அப்பா காலத்து வண்டி. பின்சீட்டு ஒரு கட்டில் அகலம் இருக்கும். மாப்பிள்ளை, தோழன், அக்கா பிள்ளைகள், நடக்க முடியாத மாமாக்கள் என்று யார் ஏறினாலும் முனகாது. முதல் கியரைப் போட்டுக் காலை எடுத்துவிட்டால் போதும், நாதஸ்வரக்காரர் பின்னால் வண்டி தானாகவே நடந்து வரும்.

ஊருக்கெல்லாம் ஊர்வலம் நடத்தியவனுக்கு முப்பத்து நாலு வயது வரை பெண் அமையவில்லை. பெண் பார்க்கப் போகும் இடத்தில் ‘சொந்தமா டிராவல்ஸ்’ என்று அம்மா ஆரம்பிப்பாள். காபி ஆறுவதற்குள் பெண்ணின் அப்பாவுக்கு என்னை அடையாளம் தெரிந்துவிடும்.

“எங்க பெரியவ கல்யாணத்துக்கு வண்டி ஓட்டிகினு வந்தது நீதானப்பா?”

அத்தோடு சரி. ஊர்வலத்தில் என்னை யாருமே பார்ப்பதில்லை என்றுதான் நினைத்திருந்தேன். வேண்டாத நேரத்தில் எப்படியோ நன்றாகவே பார்த்துவைத்திருந்தார்கள். ஒரே ஒரு நாள், ஸ்டியரிங்கைத் தொடாமல், மாலையும் கழுத்துமாக நான் உட்கார்ந்து வர வேண்டும், ஊர் என்னைப் பார்க்க வேண்டும். இதுதான் என் ஆசை. மற்றவர்களுக்கெல்லாம் சுலபமாகக் கிடைப்பது எனக்கு மட்டும் கிடைக்காமல் இருந்ததில் எனக்கு நிஜமாகவே வயிற்றெரிச்சல்.

இரண்டாயிரம் பிறந்து கிழக்குக் கடற்கரைச் சாலை பளபளவென்று ஆன பிறகு, கோவளத்தில் பங்களா வைத்திருந்த ஒருவர் வெளிநாட்டுக்கே குடிபோனார். போகும்போது தன் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை விற்றார். பொத்தானை அழுத்தினால் கூரை தானாக எழுந்து, மடிந்து, டிக்கிக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். நான் திரும்பத் திரும்ப அழுத்திப் பார்த்தேன். இதை ஓட்டிக்கொண்டு போனால் எந்த அப்பா என்னை டிரைவர் என்பார்? பழைய வண்டியை ஒரு சினிமா கம்பெனிக்குத் தள்ளிவிட்டு இதை வாங்கிவிட்டேன்.

வாசலில் நிறுத்தியதும் அம்மா ஒரு சுற்று சுற்றி வந்தாள்.

“இன்னாடா, பின்னாடி சீட்டு எங்க கீது?”

கூரையை அத்தனை முறை மடித்துப் பார்த்தவன் சீட்டை எண்ணிப் பார்க்கவில்லை. இரண்டே சீட்டு.

பழகுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. ஏறுவது என்ற பேச்சே கிடையாது, உள்ளே விழ வேண்டும். பழைய வண்டியின் பிரேக்கைப் பலமுறை மிதித்தால்தான் நிற்க மனசு வரும். இதைத் தொட்டாலே நின்றது, நான்தான் நிற்காமல் முன் கண்ணாடி வரை போனேன். இண்டிகேட்டர் இருக்க வேண்டிய கைப்பக்கம் வைப்பர் இருந்தது. சித்திரை வெயிலில் ஒவ்வொரு திருப்பத்திலும் நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே போனதைப் பார்த்து பஸ் ஸ்டாண்டு ஆட்டோக்காரர்கள், “இன்னா அண்ணாத்த, உனுக்கு மட்டும் மழையா?” என்று கேட்டார்கள். அவர்களுக்கு நான் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது.

முதல் சவாரி மதுராந்தகத்தில். மாப்பிள்ளைக்குக் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, மெலிந்த பையன். புது வண்டிக்குப் பொருத்தமாக நானும் கிரீம் கலரில் ஒரு கோட் தைத்துப் போட்டிருந்தேன். தோழனுக்கு இடமில்லை என்றதும் அவன் மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தான். புறப்பட்டதுமே வண்டி ‘டிங் டிங்’ என்று கத்த ஆரம்பித்தது. மாப்பிள்ளை சீட் பெல்ட் போடவில்லையாம். ஆள் உயர ரோஜா மாலைக்கு மேல் பெல்ட்டை எப்படிப் போடுவது? நாதஸ்வரக்காரர் வாசிப்பை நிறுத்திவிட்டுத் திரும்பினார்.

“தம்பி, ஒண்ணு நான் வாசிக்கணும், இல்ல உன் வண்டி வாசிக்கணும். ரெண்டும் சுதி சேரல.”

பெல்ட்டை மாப்பிள்ளையின் முதுகுக்குப் பின்னால் விட்டுச் சொருகினேன். கத்தல் நின்றது. அடுத்து வேகம். இந்த வண்டிக்கு மெதுவாகப் போவது என்றால் சைக்கிள் வேகம். கிளட்சைப் பாதி மிதித்தபடியே ஊர்ந்ததில் தெருவெல்லாம் கருகல் வாடை. பட்டாசு என்று ஜனம் நினைத்துக்கொண்டது. முன்னால் ஆடிக்கொண்டு போன குழந்தைகள் மேல் பட்டுவிடக் கூடாதே என்று என் இடது கால் நடுங்கியது எனக்குத்தான் தெரியும்.

மண்டபத்து வாசலில் ஆரத்தித் தட்டோடு பெண்வீட்டுப் பெண்கள் நின்றிருந்தார்கள். பழைய வண்டியில் மாப்பிள்ளை உயரத்தில் இருப்பார், நான் கீழே. இதில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில். பையன் மாலைக்குள் புதைந்துபோய் மூக்குக்கண்ணாடி மட்டும்தான் தெரிந்தது. நானோ மீசையும் கோட்டுமாக. பெண்ணின் சித்தி என் பக்கம் வந்து நிதானமாக ஆரத்தி சுற்றி, நெற்றியில் பெரிதாகப் பொட்டும் வைத்துவிட்டார். மாப்பிள்ளை நான் இல்லை என்று சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் நன்றாக இருந்தது.

பின்னாலிருந்து ஒரு பெண் குரல் வந்தது.

“சித்தி, ஸ்டேரிங்க புடிச்சிகினு கீறவரு டிரைவரு. மாப்ள அந்தாண்ட கீறாரு.”

கூட்டமே சிரித்தது. பெண்ணுக்குப் பெரியப்பா மகளாம், மதுராந்தகத்திலேயே ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். சிரிப்பு அடங்கியதும் அவளே வந்து பொட்டைத் துடைத்துக்கொள்ள ஒரு துண்டை நீட்டினாள். எனக்கு வந்த கோபத்தில் வாங்கவில்லை. பொட்டோடேயே செங்கல்பட்டு வரை ஓட்டி வந்தேன்.

அடுத்த மாதம் தரகர் கொண்டுவந்த ஜாதகம் அவளுடையதுதான் என்பது பெண் பார்க்கப் போன இடத்தில்தான் எனக்குத் தெரிந்தது. அவளுடைய அப்பா வழக்கம்போல, “டிரைவராச்சே” என்று இழுத்தார். அவள் உள்ளேயிருந்தே பதில் சொன்னாள்.

“அன்னிக்கி அம்மாம் கும்பல்ல, அவ்ளோ சின்னப் பசங்க குறுக்க நெடுக்க ஓடியும், ஒருத்தர் மேலயும் படாம ஓட்டினாரு. நான் பாத்துகினுதான் இருந்தேன்.”

எல்லோரும் மாப்பிள்ளையைப் பார்க்கிற நேரத்தில் ஒருத்தி டிரைவரின் காலைப் பார்த்திருக்கிறாள். கையிலிருந்த காபியைச் சட்டையில் சிந்திக்கொண்டேன். காபி சூடு என்று சமாளித்தேன்.

தேதி குறித்த பிறகுதான் சிக்கல் முளைத்தது. எங்கள் வழக்கத்தில் தாலி கட்டிய அன்று சாயங்காலம் பெண்ணும் மாப்பிள்ளையும் சேர்ந்து ஊர்வலம் போக வேண்டும். இரண்டு சீட்டில் பெண் ஒன்று, மாப்பிள்ளை ஒன்று என்றால் டிரைவர் எங்கே உட்காருவான்? வேறு ஓப்பன் காரை வாடகைக்கு எடுக்கலாம் என்றார் அவளுடைய தாய்மாமா. என் கல்யாணத்துக்குப் போட்டிக்காரன் வண்டியா? செத்தாலும் மாட்டேன் என்றேன். அப்படியானால் நீங்களே ஓட்டுங்கள் என்றார். அதைக் கேட்டதும் எனக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது. இத்தனை வருஷம் காத்திருந்து, என் ஊர்வலத்திலும் நான்தான் டிரைவரா?

“அவரு ஓட்ட வேணாம், நான் ஓட்றேன்” என்றாள் அவள்.

முதல் வேலையாகப் போய், வண்டி பழகுவதற்கான எல்.எல்.ஆர். எடுத்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் நெம்மேலிப் பக்கம் கடற்கரைச் சாலையை ஒட்டிய கிளைச்சாலையில் பழக்கினேன். கல்யாணத்துக்கு முன் எங்களைத் தனியாக அனுப்ப முடியாது, மூன்றாவது ஆள் உட்காரவோ இடமில்லை. தாய்மாமா மொபெட்டில் காவலுக்குப் பின்னால் வந்தார். நாங்கள் பழகியது ஊர்வல வேகம். கொஞ்ச தூரத்திலேயே மாமாவுக்குப் பொறுமை போய், எங்களை முந்திச் சென்று டீக்கடையில் உட்கார்ந்துவிடுவார். அந்தச் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை மீன்கூடை சைக்கிள்கள்கூட மணியடித்துக்கொண்டு தாண்டிப் போயின. நான் மாதக்கணக்கில் முட்டி மோதியதை அவள் சில வாரங்களில் பழகிவிட்டாள். மறக்க வேண்டிய பழைய வண்டி எதுவும் அவள் காலில் இல்லை.

கல்யாணத்துக்குள் லைசென்ஸ் கைக்கு வரவில்லை. அதனால் மல்லிகைச் சரங்களுக்கு நடுவே முன்னும் பின்னும் சிவப்பு எழுத்தில் எல் போர்டு. சட்டப்படி பக்கத்து சீட்டில் லைசென்ஸ் உள்ளவர் ஒருவர் இருக்க வேண்டும். இருந்தேன், மாலையும் கழுத்துமாக. பட்டுப்புடவையை முழங்காலுக்கு இடையில் இடுக்கிக்கொண்டு அவள் கிளட்சை விட்டாள். வண்டி அலுங்காமல் மேளக்காரர் பின்னால் நடந்தது. எனக்குத்தான் கால் சும்மா இருக்கவில்லை, இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே இருந்தது.

“காலை சும்மா வெச்சிகினு உக்காருங்க” என்றாள்.

செங்கல்பட்டு கடைத்தெருவே வெளியே வந்து நின்றது. மாடியில் ஆள், பஸ்ஸுக்குள் ஆள். எல்லோரும் அவளைத்தான் பார்த்தார்கள். கல்யாணப் பெண்ணே கார் ஓட்டுவதை அதுவரை அந்தத் தெரு பார்த்ததில்லை. என்னை ஒருவர்கூடப் பார்க்கவில்லை. எனக்குக் கோபம் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. நானும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“என்ன ஏன் பாக்கறீங்க? ஜனங்களப் பாத்துக் கும்புடுங்க. இதுக்குத்தான இத்தினி வருஷமா ஆசப்பட்டீங்க?” என்றாள், ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

இரண்டு பக்கமும் திரும்பிக் கும்பிட்டேன். யாரும் கவனிக்கவில்லை. கையை இறக்கிவிட்டு மறுபடியும் அவள் பக்கமே திரும்பிக்கொண்டேன்.