உட்கார ஒரு ஆள்

கூட வேலை பார்த்தவர்கள் அவனுக்குப் பம்பரம் என்று பெயர் வைத்திருந்தார்கள். வைத்தவர்களைக் குறை சொல்ல முடியாது. சாப்பிட உட்கார்ந்தால்கூட ஒரு காலை வெளியே நீட்டிக்கொண்டுதான் உட்காருவான், யாராவது கூப்பிட்டால் எழுந்து ஓட வசதியாக இருக்குமாம். பல் தேய்த்தபடியே செருப்பைத் தேடுவான். தண்ணீர் சுத்தம் செய்யும் மெஷினை வீடு வீடாகப் போய் விற்கிற வேலை அவனுக்கென்றே செய்து வைத்தது போல இருந்தது. அதை விட்டுவிட்டு அவன் சொந்தமாக ஆரம்பித்த தொழில் என்ன தெரியுமா? அடுத்தவர்களுக்காக உட்கார்ந்திருப்பது.

கேலி இல்லை, நிஜமாகத்தான். வீட்டில் எல்லாரும் வேலைக்குப் போகிறவர்கள் என்று வையுங்கள். பிரிட்ஜ் ரிப்பேர்காரர் காலையிலிருந்து சாயங்காலத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் வருவேன் என்பார். அதற்காக ஒருவர் லீவு போட்டுவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டு கிடக்க வேண்டும். அந்த ஒருவருக்குப் பதிலாக நம்பிக்கையான ஆள் ஒருவரை அனுப்பினால்? பூட்டிய கதவுகளுக்கு முன்னால் மெஷினோடு நின்று நின்று வந்த யோசனை இது. ‘நீங்க போங்க, நாங்க இருக்கோம்’ என்று ஒரு வரியும் கூடவே தோன்றியது. மறுநாளே வேலையை விட்டான். மேனேஜரிடம், "பாருங்க சார், ஒரு நாள் நீங்களே என்கிட்ட வேலை கேட்டு வருவீங்க" என்று வேறு சொல்லிவிட்டு வந்தான். வாய் சும்மா இருந்தால்தானே. இனி எந்த முகத்தோடு அங்கே திரும்பிப் போவது?

அதற்குப் பிறகு அவன் அலைந்த அலைச்சல் கொஞ்சமில்லை. நோட்டீஸ் அடித்து லிப்டுக்குள் ஒட்டினான், கார் கண்ணாடியில் செருகினான், பஸ் ஸ்டாப்பில் நின்று நீட்டினான். போனில் இருந்த அத்தனை குரூப்பிலும் போட்டான். சித்தி, பெரியப்பா, கூடப் படித்தவர்கள் என்று ஆளாளுக்குக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள். வாழ்த்துக்குக் குறைச்சலில்லை, வேலைக்குக் கூப்பிடத்தான் ஒருத்தரும் இல்லை. போன் அடித்தால் பாய்ந்து எடுப்பான். அந்தப் பக்கம் யாராவது லோன் வேண்டுமா என்று கேட்பார்கள்.

மனைவியின் அண்ணன் மட்டும் உள்ளதைச் சொன்னார்.

"ஐடியா பிரமாதம் மாப்ளே. ஆனா முன்னப்பின்ன தெரியாதவன்கிட்ட வீட்டுச் சாவியை எவன் குடுப்பான்?"

"நான் தெரிஞ்சவன்தானே மச்சான், நீங்க குடுங்களேன். உங்க கையால ஆரம்பிச்சு வைங்க."

மச்சான் சிரித்து மழுப்பினார். அடுத்த வாரமே அவர் வீட்டு ஏ.சி. ரிப்பேருக்கு அவரே லீவு போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார் என்று தெரிந்தபோது பம்பரத்துக்கு மனசு விட்டுப்போனது. சொந்த மச்சானே நம்பாதவனை ஊரார் நம்புவார்களா?

மனைவிக்குப் பல் டாக்டர் ஒருவரின் கிளினிக்கில் ரிசப்ஷனில் வேலை. தினமும் அவளிடம், "நாளைக்குக் கண்டிப்பா ஒருத்தராவது கூப்பிடுவாங்க" என்பான். அவள் மறுத்து ஒரு வார்த்தை பேச மாட்டாள். திட்டினாலாவது தேவலை என்றிருக்கும் அவனுக்கு.

அப்படி இருக்கும்போதுதான் டீச்சர் ஒருவரிடமிருந்து போன் வந்தது.

"தம்பி, நாளைக்கு வாஷிங் மெஷின் ரிப்பேருக்கு ஆள் வர்றாங்க. எனக்குப் பரீட்சை டியூட்டி. நீங்க வந்து இருக்க முடியுமா?"

அவனுக்குக் கால் தரையில் பாவவில்லை. "பாத்தியா, நோட்டீஸ் வேலை செஞ்சிடுச்சு!" என்று வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தான். மனைவி "ம்" என்று மட்டும் சொல்லிச் சிரித்துக்கொண்டாள்.

டீச்சரின் வீடு இரண்டாவது மாடியில். மறுநாள் காலையில் சாவியைக் கொடுத்துவிட்டு அவர் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினார். இவன் சோபாவில் உட்கார்ந்தான். எழுந்து ஜன்னலைப் பார்த்தான். சாய்ந்திருந்த போட்டோவை நேராக்கினான், மறுபடி அது சாய்ந்ததோ என்று தள்ளி நின்று பார்த்தான். வாஷிங் மெஷினைச் சுற்றி வந்தான். கடிகாரம் நகர்கிற வழியாக இல்லை. உள்ளங்கால் அரித்தது. பக்கத்து வீட்டில் யாரோ கதவைத் திறந்து மூடும் சத்தம் கேட்டபோதுதான் அந்தப் பாழாய்ப்போன யோசனை வந்தது. இந்தக் கட்டடம் முழுக்கக் கதவுகள்! பையில் கட்டு நோட்டீஸ் இருக்கிறது. ஒரு மாடி ஏறி இறங்குவதற்குள் என்ன குடி முழுகிவிடப் போகிறது?

வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பினான். ஒரு மாடி என்று போனவன் மேல்மாடி வரை ஏறினான். அங்கே பெரியவர் ஒருவர் நோட்டீஸை வாங்கி ஆர அமரப் படித்தார்.

"சரிப்பா, நீங்க அனுப்புற ஆளு நடுவுல எங்கயாவது எழுந்து போயிட்டா?"

"ஒரு நிமிஷம்கூட நகர மாட்டோம் சார். அதுதானே சார் எங்க தொழிலே!"

சட்டைப்பையில் போன் அடித்தது. டீச்சர்.

"தம்பி, எங்க இருக்கீங்க? மெஷின்காரங்க மெசேஜ் அனுப்பியிருக்காங்க. வந்தாங்களாம், வீடு பூட்டியிருந்ததாம்."

படிகளில் விழுந்தடித்து இறங்கித் தெருவரைக்கும் ஓடினான். வந்தவர் போயே போய்விட்டார். கம்பெனிக்குப் போன் போட்டுக் கெஞ்சியதற்கு, இன்றைக்கு இனி முடியாது என்றார்கள். திரும்பி வந்து சோபாவில் உட்கார்ந்தான். அதற்குப் பிறகு டீச்சர் வரும்வரை எழுந்திருக்கவேயில்லை.

பெல் சத்தம் கேட்கவில்லை என்று சொல்லிவிடலாமா என்று ஒரு நினைப்பு வந்தது உண்மை. ஆனால் டீச்சரின் முகத்தைப் பார்த்ததும் நடந்ததை அப்படியே சொல்லிவிட்டான்.

"பூட்டி வைக்கிறதுக்கு ஆள் எதுக்கு தம்பி? பூட்டே போதுமே" என்றார் டீச்சர். குரலை உயர்த்தவேயில்லை. சாவிக்காகக் கையை நீட்டியவர், "உங்க நோட்டீஸை நான் பார்த்ததுகூட இல்ல. பல் வலின்னு போறப்பல்லாம் உங்க வீட்டுக்காரம்மாவைப் பார்ப்பேன். அந்தப் பொண்ணு சொல்லித்தான் உங்களைக் கூப்பிட்டேன்" என்றார்.

அந்தப் பேச்சு அவனைச் சுருக்கென்று தைத்தது. இத்தனை நாள் அலைந்ததில் ஒருவர்கூட வரவில்லை. வந்த ஒருவரும் இவனுக்காக வரவில்லை. வெட்கமாக இருந்தது, அழுகை வரும்போலவும் இருந்தது. நேரே கிளினிக்குக்குப் போனான்.

"இன்னும் ரெண்டு பேர் பாக்கி. உட்காருங்க" என்றாள் மனைவி. வீங்கிய கன்னங்களுக்கு நடுவே இவனும் உட்கார்ந்தான். எல்லாரும் போனபிறகு ஒரே மூச்சில் கொட்டித் தீர்த்தான். அவள் போனை எடுத்தாள்.

"டீச்சர், நடந்தது தப்புதான். என்னை நம்பித்தான் சாவியைக் குடுத்தீங்க. நாளைக்கு எனக்கு லீவு. அவங்களைத் திரும்ப வரச் சொல்லுங்க, நானே வந்து உட்கார்றேன்."

அந்தப் பக்கத்திலிருந்து, "நீ வர்றதுன்னா சரிம்மா" என்று கேட்டது.

பம்பரத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கூடவே கவலையும் வந்தது.

"நாள் முழுக்க ஒரே இடத்துல உட்காரணும். எப்ப வருவாங்கன்னே தெரியாது. பைத்தியம் பிடிச்சிடும். உன்னால முடியுமா?"

அவள் மேசையில் கிடந்த சீட்டுகளை அடுக்கி வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"வர்றேன்னு சொன்ன நேரத்துக்கு ஒரு நாளாவது நீங்க வீட்டுக்கு வந்திருக்கீங்களா?"

வெளியே நீட்டியிருந்த காலை அவன் மெதுவாக உள்ளே இழுத்துக்கொண்டான்.