தண்ணீர் மாப்பிள்ளையின் சீட்டு

என் வீட்டுக்காரருக்கு எங்கள் குடும்பம் வைத்த பெயர் தண்ணீர் மாப்பிள்ளை. கேலிப்பெயர்தான். ஆனால் யாராவது அப்படிக் கூப்பிட்டால் அவர் முகத்தில் ஒரு பெருமை வரும். இருபத்தாறு வருடமாக மெக்கானிக். இரண்டு தெரு தள்ளி ஒரு வண்டி இருமினால் போதும், எதில் கோளாறு என்று சாப்பிட்டுக்கொண்டே சொல்லிவிடுவார். நான் மூக்குக்கண்ணாடியை மாற்றி நான்கு நாளாகியும் அந்த மனிதருக்குத் தெரியவில்லை என்பது வேறு விஷயம்.

பெயருக்குக் காரணம் என் அப்பாவின் கார். பழைய ஸ்போர்ட்ஸ் கார், பச்சை நிறம், இரண்டே சீட்டு, என்னைவிட ஆறு வயது மூத்தது. ஓய்வுபெற்ற பல் டாக்டரான அப்பா ஞாயிறுதோறும் அதை மலைச்சாலையில் ஏற்றுவார். பாதி மலையில் அது கொதித்து நிற்கும். என்ஜினோடு பெல்ட்டில் சுற்றும் இரும்பு ஃபேன். வண்டி தவழ்ந்தால் அதுவும் மெதுவாகத்தான் சுற்றும், காற்று போதாது. அதனால் பக்கத்து சீட்டில் தண்ணீர் கேனோடு என் வீட்டுக்காரர். சூடு தணியும்வரை காத்திருந்து, ஈரச் சாக்கைப் போட்டு ரேடியேட்டர் மூடியைத் திறந்து தண்ணீர் ஊற்றுவார். அந்தக் காத்திருப்பில்தான் அப்பா அவரிடம் மனம்விட்டுப் பேசுவாராம். பெற்ற பெண் என்னிடம் அப்படி ஒரு நாளும் பேசியதில்லை. போகட்டும், அந்த சீட்டாவது எங்கள் பக்கம் இருக்கிறதே என்று நினைத்துக்கொள்வேன். அழகு, படிப்பு, அம்மாவின் செல்லம் எல்லாம் தங்கை பக்கம் போய்விட்டன.

கரண்ட் ஃபேன் போட்டால் கொதிக்காதாமே, உங்களுக்குப் போடத் தெரியாதா என்று ஒருமுறை கேட்டேன். பழைய வண்டிக்குப் பழைய ஃபேன்தான் அழகு என்றார். எனக்குப் புரிந்துவிட்டது. கொதிக்காத வண்டிக்குத் தண்ணீர் மாப்பிள்ளை எதற்கு?

தங்கை வீட்டுக்காரர் ஆட்டோ எலக்ட்ரீஷியன். வேலை செய்தாலும் சட்டை கசங்காத ஆள். ஒரு நாள் சாப்பாட்டின்போது, ஒரே நாளில் கரண்ட் ஃபேன் மாட்டித் தருகிறேன் என்று அப்பாவிடம் சொன்னார். அப்பாவின் முகம் மலர்ந்தது. என் காதில் புகை வந்தது. என் வீட்டுக்காரர் தட்டைவிட்டுத் தலையைத் தூக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை வேலை நடந்தது. பழைய ஃபேன் கழன்றது, புதியது ஏறியது. சூடு ஏறினால் தானே சுற்றும், குறைந்தால் தானே நிற்கும் என்று அப்பா சின்ன மாப்பிள்ளையைத் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு ஆடினார். பெரிய மாப்பிள்ளைக்கு ஸ்பேனர் எடுத்துக்கொடுக்கும் வேலை.

என்ஜின் சூடாகி ஃபேன் சுற்ற ஆரம்பித்ததும் சின்னவர் கை கழுவப் போனார். அப்பா சட்டை மாற்ற உள்ளே போனார். சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தேன். என் வீட்டுக்காரர் ஒரு காகிதத்தைக் காரின் முன்பக்க கிரில்லுக்கு முன்னால் பிடித்தார். அவர் கடையில் பலமுறை பார்த்த சோதனைதான். ஃபேன் காற்றை உள்ளே இழுத்தால் காகிதம் போய் ஒட்டிக்கொள்ள வேண்டும். அது படபடத்து வெளியே பறந்தது. இரண்டு வயரும் இடம் மாறி, ஃபேன் எதிர்ப்பக்கமாகச் சுற்றுகிறது. ஓட்டத்தில் வரும் காற்றையும் இது தள்ளிவிடும்.

அவர் குனிந்து காகிதத்தை எடுத்தார், மடித்தார், பையில் வைத்துக்கொண்டார். வாயைத் திறக்கவில்லை.

நானும் திறக்கவில்லை. கொதிக்கட்டும் என்று நினைத்தேன். கழுவிய டம்ளரையே மறுபடி கழுவினேன்.

ஞாயிறுவரை பொறுக்காமல் அப்பா அப்போதே மலைக்குக் கிளம்பினார், பக்கத்தில் சின்னவர். தண்ணீர் கேன் வாசற்படியிலேயே இருந்தது. இனி அது எதற்கென்று யாரும் எடுக்கவில்லை.

மூன்று மணி நேரத்தில் வாடகைக் காரில் திரும்பி வந்தார்கள். அப்பாவின் வலது கை முழங்கைவரை கட்டுப் போட்டிருந்தது. பாதி மலையில் கொதித்ததாம். சின்னவர் தண்ணீர் தேடி ஓட, பொறுமை இல்லாமல் அப்பாவே மூடியைத் திறந்திருக்கிறார். பதினைந்து வருடம் மூடி திறக்க ஆள் இருந்தவருக்கு அதன் சூடு தெரிந்திருக்கவில்லை.

என் தப்புதான் என்று சின்னவர் சொல்லிக்கொண்டே இருந்தார். அப்போதுதான் என் வீட்டுக்காரர் பேசினார்.

"வயர் மாறியிருக்கு மாமா. போறதுக்கு முன்னாடியே பார்த்தேன். சொல்லாம விட்டுட்டேன்."

அப்பா கட்டுப் போட்ட கையோடு அவர் பக்கம் திரும்பினார். "ஏன் மாப்பிள்ளை?"

"கொதிச்சா என்னைத்தானே கூப்பிடுவீங்க."

தங்கை சாமானை உருட்டினாள். அம்மா ஒரு வாரம் அவரிடம் பேசவில்லை. அவர் மலைக்குப் போய் வயரை மாற்றி வண்டியை ஓட்டிவந்து நிறுத்தினார். இப்போது அது கொதிப்பதே இல்லை.

கை ஆறும்வரை அப்பாவுக்கு நான்தான் ஊட்டினேன். ஒரு மதியம் மென்றுகொண்டே சொன்னார்: "வண்டிய இனிமே அவரே ஓட்டட்டும். நான் பக்கத்துல உக்காந்துக்கறேன். எல்லார் முன்னாடியும் உண்மைய ஒத்துக்க ஒரு மனசு வேணும்மா."

எனக்கு என் வீட்டுக்காரர் மேலேயே வயிறு எரிந்தது. தப்பும் செய்துவிட்டு, சொல்லியும் விட்டு, ஸ்டியரிங்கையும் வாங்கிக்கொண்டாரே. நானும் ஜன்னலில் இருந்து பார்த்தேன் அப்பா என்று நாக்கு நுனிவரை வந்தது.

அப்பா வாயைத் திறந்து காத்திருந்தார். அடுத்த வாய் ஊட்டினேன்.