இடது கால் தெரு

அம்பிகா கம்பெனித் தோலைத் திருடினாள் என்று குழாயடியில் சொல்லித் திரிகிற கோவிந்தம்மாள் கொஞ்சம் வாயை மூடிக்கொண்டு கேட்கட்டும். அவள் பையில் தோல் இருந்தது. இல்லை என்று யார் சொன்னது? அது எப்படி வந்தது என்பதுதான் பேச்சு.

ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் கம்ப்யூட்டரில் ஷூவுக்கு அளவு வரைகிறவள் அம்பிகா. ஒன்பது வருஷமாக அதே நாற்காலி. வீடு மாதனூர்ப் பக்கம், மெயின் ரோட்டிலிருந்து தொள்ளாயிரம் மீட்டர் உள்ளே, தெருக்கோடியில். கம்பெனி பஸ் ரோட்டோடு நின்றுவிடும். ஏழு மாதக் கர்ப்பிணி சுகரா பேகம் உட்படப் பதினான்கு பெண்கள் சேற்றில் நடந்துதான் அதைப் பிடிக்க வேண்டும்.

"உள்ள வந்தா வண்டிய திருப்ப எடமில்லம்மா," என்று டிரைவர் வாஹித் பாஷா ஒரே பிடியாக நின்றார். மேனேஜரோ, "எடம் இருக்குன்னு வரைஞ்சு காட்டு, அனுப்பறேன்," என்றுவிட்டார்.

வாய்க்கால் கட்ட அந்தத் தெருவை அளந்த சர்வேயரிடம் அளவுப் புள்ளிகளை வாங்கி, அம்பிகா தன் கம்ப்யூட்டரில் ஏற்றினாள். இதெல்லாம் என்ன அளவு என்று அது கேட்டது. ஒன்பது வருஷப் பழக்கம், கை தானாக மில்லிமீட்டரை அழுத்தியது. சர்வேயர் கொடுத்ததோ மீட்டர். தெரு இரண்டு முழமாகச் சுருங்கி நெளிந்து கிடந்தது. அதைக் கவனிக்காமல், பழக்கத்தில், வெட்டுகிற மெஷினுக்குப் புது மாடல்கள் போகிற இடத்திலேயே போட்டு வைத்துவிட்டுச் சாப்பிடப் போனாள்.

திரும்பி வந்தால், கட்டிங் பிரிவு தேவசகாயம் கையில் இரண்டு பழுப்புத் தோல் வார்.

"இன்னாம்மா, புது மாடலா? இந்த வட்டத்துலதான் பக்கிள் வருதா?"

"அண்ணே, அது எங்க வீட்டாண்ட தண்ணி டேங்க் திடல். இது எங்க தெரு."

"தெருவா? அப்ப எதுக்கு ரெண்டு?"

ஷூ கம்பெனி மெஷினுக்கு எதையும் ஒற்றையாக வெட்டத் தெரியாது. வலது காலுக்கு ஒரு தெரு, இடது காலுக்குக் கண்ணாடியில் பார்த்தது போல இன்னொரு தெரு.

வேறொருத்தியாக இருந்தால் வேலை போயிற்று என்று அழுதிருப்பாள். அம்பிகா அதே கணக்கில் சுருக்கி ஒரு பஸ்ஸையும் வெட்டித் தரச் சொன்னாள். சுண்டுவிரல் நகம் அளவுக்கு வந்தது. அதுவும் இரண்டு.

மேனேஜர் மேசையில் வலது கால் தெருவை விரித்தார்கள். ஐம்பது வயது வாஹித் பாஷா விரல் நுனியில் பஸ்ஸை அழுத்திக்கொண்டு, வாயால் ஹாரன் அடித்தபடி ஓட்டினார். திடல் பத்து ரூபாய்க் காசு அளவுதான். பஸ் தோலை விட்டு இறங்காமல் ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பிவிட்டது.

"ரிவர்ஸ்கூட போட வேணாம் போலருக்கே," என்றார் பாய், கொஞ்சம் வருத்தமாக.

திங்கட்கிழமையிலிருந்து உள்ளே போகச் சொன்ன மேனேஜர், எதற்கும் உதவாத இடது கால் தெருவை அம்பிகாவிடமே கொடுத்துவிட்டார். கோவிந்தம்மாள் பார்த்தது அதைத்தான்.

அந்தத் திங்கட்கிழமை, வழக்கமாகக் கிளம்புகிற ஏழு மணி தாண்டியும் அம்பிகா வீட்டிலேயே இருந்தாள். "பாத்தியா, வேலைய வுட்டுத் தூக்கிட்டாங்க," என்று கோவிந்தம்மாள் சொல்லி வாய் மூடவில்லை, திடலில் ஹாரன் கேட்டது. அம்பிகா சாப்பாட்டுப் பையை எடுத்தாள். அதன் வாயை இடது கால் தெருவால் இரண்டு சுற்றுச் சுற்றி முடிந்திருந்தாள். வாசலைத் தாண்டிப் பதினெட்டே அடி நடந்தாள். எண்ணிப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.