வேளாங்கண்ணிக்கு ஒரு முதுகுப் பை

ரயில்வேக்காரருக்கு வாழ்க்கைப்பட்டவளுக்கு ஒரு விஷயம் சீக்கிரமே புரிந்துவிடும். வீட்டுக்குள் வரும் எந்தப் பெட்டியும் லோயர் பெர்த்துக்கு அடியில் போக வேண்டும். போகாவிட்டால் அது பெட்டியே இல்லை. சென்னையிலிருந்து வேளாங்கண்ணிக்கு நடந்து போக எனக்கு ஒரு பை வேண்டும் என்றதும், என் வீட்டுக்காரர் இன்ச் டேப்பை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனார். ஒர்க்‌ஷாப்பில் ஆயுசு முழுக்க ரயில் பெட்டிகளைப் பழுது பார்த்து ரிட்டையரான மனிதர். குட்டையும் அகலமுமாக ஒரு பை வாங்கி வந்தார். சங்கிலி போட்டுப் பூட்ட வளையம்கூட இருந்தது.

"பெர்த்துக்கு அடியில கச்சிதமா போகும்," என்றார்.

"பெர்த்தா நடக்கப்போகுது? நான்தானே நடக்கணும்?" என்றேன்.

இந்த நடை என் நேர்த்திக்கடன். இரண்டு வருஷத்துக்கு முன் இடது மார்பில் கட்டி வந்து, மார்பையே எடுத்துவிட்டார்கள். பிழைத்து எழுந்தால் என் சுமையை நானே சுமந்து நடந்து வருகிறேன் என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் மாதாவிடம் வேண்டிக்கொண்டேன். பிழைத்துவிட்டேன். யாத்திரைக் கூட்டத்தோடு வரும் வேனில் படுக்கையும் பாத்திரமும் போய்விடும். அன்றன்றைக்கு வேண்டியதை அவரவர் முதுகில் சுமக்க வேண்டும். டாக்டரம்மா ஒரே ஒரு நிபந்தனை போட்டார். அக்குளில் நெறிக்கட்டிகளையும் எடுத்திருப்பதால் இடது தோளில் பாரம் ஏறக்கூடாது. கை வீங்கினால் நடையை மறந்துவிட வேண்டும்.

அந்தக் குட்டைப் பையை மாட்டிக்கொண்டு செகந்திராபாத்தில் எங்கள் வீடு இருக்கும் மெட்டுகுடாவிலிருந்து தார்நாகா வரை நடந்து பார்த்தோம். போய்ச் சேர்வதற்குள் இடது விரலில் மோதிரம் இறுக ஆரம்பித்துவிட்டது. ஆட்டோவில் திரும்பும்போது பையை அவர் தன் மடியில் வைத்துக்கொண்டார். வீட்டில் சோப்புப் போட்டு மோதிரத்தைக் கழற்றும்போது எனக்கு அழுகை வந்தது. புறப்பட மூன்று வாரம்தான் இருந்தது.

மறுநாள் கடைத்தெருவில், மலையேறுகிறவர்களுக்குச் சாமான் விற்கும் கடைக்குப் போனோம். கடைக்காரர் என் தோளையும் இடுப்பையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு உயரமான ஒரு பையை எடுத்தார். அதில் அகலமான இடுப்புப் பட்டை இருந்தது. "கந்தே பே நக்கோ அம்மா, கமர் பே லேவ்," என்று தன் இடுப்பைத் தட்டிக் காட்டினார். பாரத்தைத் தோளில் வாங்காதே, இடுப்பில் வாங்கு என்கிறார். குழாயடியிலிருந்து குடத்தை இடுப்பில் சுமந்தே காலம் தள்ளியவளுக்கு இதை ஒருவர் சொல்லியா தெரிய வேண்டும்? பட்டையை இறுக்கியதும் தோள் லேசாகிவிட்டது. ஆனால் இடது வார் முன்பக்கம் இறங்கும் இடத்தில், சரியாகத் தழும்பின் மேல் உரசியது. என் முகம் சுருங்கியதைப் பார்த்துக் கடைக்காரர் என்னவென்று கேட்டார்.

"சுளுக்கு," என்றார் என் வீட்டுக்காரர் அவசரமாக. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு, வாரை வீட்டில் சரிசெய்துகொள்ளலாம் என்று பையை வாங்கி வந்தோம்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் கோணி ஊசியோடு உட்கார்ந்தார். "எங்க உரசுது? காட்டு."

ஜாக்கெட்டுக்கு மேலேயே தொட்டுக் காட்டினேன். "இங்கதான், சுமாரா."

"சுமாரா எல்லாம் நக்கோ. கடலூர் தாண்டுறதுக்குள்ள தோல் உரிஞ்சிடும்."

இந்த இரண்டு வருஷமும் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டுதான் நான் புடவை மாற்றினேன். கட்டுப் பிரித்த நாட்களில்கூட அவரை வெளியே நிற்க வைத்தேன். ஏன் என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லை. பார்த்தால் அவர் முகம் மாறிவிடுமோ என்ற பயம் எனக்கு. அந்த முகத்தைப் பார்த்துவிட்டால் அப்புறம் எப்படி ஒரே வீட்டில் இருப்பது? ஆனால் இப்போது காட்டாவிட்டால் வேளாங்கண்ணி இல்லை.

கதவைச் சாத்தினேன். ஜாக்கெட்டைக் கழற்றிவிட்டுப் பையை மாட்டிக்கொண்டு அவர் முன்னால் நின்றேன். கண்ணை இறுக மூடிக்கொண்டேன். தழும்பின் ஓரமாக அவர் விரல் மெதுவாகப் போனது. அப்புறம் வாரில் சாக்பீஸ் கோடு போடும் சத்தம் கேட்டது.

"ரெண்டு விரக்கடை உள்ள தள்ளணும்," என்றார். சற்றுக் கழித்து, "ரொம்ப வலிச்சிருக்குமே," என்றார்.

கண்ணைத் திறந்து பார்த்தேன். எப்போதும் பார்க்கும் அதே முகம்தான், கண் மட்டும் கலங்கியிருந்தது. "ஆமாங்க, ரொம்ப வலிச்சுது," என்றேன். அதுவரை அதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

நடந்து முடித்தேன். கை வீங்கவில்லை. உயிர் தந்ததற்கு மாதாவுக்கு எப்படியெல்லாம் நன்றி சொல்வது என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். பையோடு பீடத்தின் முன் முழந்தாளிட்டபோது ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. முதலில் வாயில் வந்தது, திருமணப் பூசையில் ஒரே ஒரு தடவை சொல்லிவிட்டு அதற்குப் பிறகு நான் உச்சரித்தே இராத என் வீட்டுக்காரரின் பெயர்.