‘அடுத்த வருஷம்’ எந்த வருஷம்?

“அக்கா, நீங்க அவளுக்கு இங்கிலீஷ் சொல்லிக் குடுக்கிறீங்களா... இல்ல, என் மேல கேஸு ஜோடிக்கிறீங்களா?”

இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் எங்கள் வீட்டு வாசலில் நின்று இப்படிக் கேட்டவன் பிரபு. எங்கள் மாடியில் குடியிருக்கிறான். வாடகைக் கார் ஓட்டுகிறான். கல்யாணப் பட்டு எடுக்கச் சென்னையிலிருந்து வரும் குடும்பங்களைக் கூட்டி வருவதும், கொண்டுபோய் விடுவதும்தான் பிழைப்பு. அரக்கா, மாம்பழக் கலரா என்று பின்சீட்டில் வழிநெடுக அடித்துக்கொண்டாலும் கண்ணாடியில்கூடப் பார்க்காமல் ஓட்டுகிற பொறுமைசாலி. அவனே குரலை உயர்த்துகிறான் என்றால்?

அவனுக்குப் பின்னால், மாடிப்படியின் கடைசிப் படியில், கையைக் கட்டிக்கொண்டு நின்றாள் அவன் மனைவி சங்கீதா. முகத்தில் கோபமில்லை, அழுகையில்லை. ஏதோ ஒரு முடிவுக்கு வந்துவிட்ட முகம் அது.

எல்லாம், ஒருவர் சொன்னதை இன்னொருவர் எடுத்துச் சொல்கிற இந்த ரிப்போர்ட்டட் ஸ்பீச்சால் வந்த வினை. முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன்.

சங்கீதா நர்ஸ். காஞ்சிபுரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் வேலை. படிக்கும் காலத்திலிருந்தே ஒரே லட்சியம் – வெளிநாட்டில் நர்ஸாக வேண்டும். அதற்கு இங்கிலீஷ் பரீட்சை ஒன்று இருக்கிறது. இரண்டு முறை எழுதினாள். படிப்பது, கேட்பது, பேசுவது எல்லாவற்றிலும் தேறிவிட்டாள். எழுதுவதில் மட்டும் இரண்டு முறையும் போச்சு. நோயாளி சொன்னதை இன்னொரு டாக்டருக்குக் கடிதமாக எழுத வேண்டுமாம். எப்போது வலித்தது, எங்கே வலித்தது, முந்தின டாக்டர் என்ன சொன்னார்... அதில்தான் சறுக்கல்.

“நீங்க பத்திரிகைல எழுதறவங்கதானேக்கா. இது ஒண்ணு மட்டும் சொல்லிக் குடுங்க.”

“நான் எழுதறது தமிழ்லம்மா.”

“பரவால்லக்கா. எழுதறவங்கதானே!”

இதற்கு என்ன பதில் சொல்வது? உட்கார வைத்து, எனக்குத் தெரிந்ததை ஒப்பித்தேன். நவ் என்பது தென். ஹியர் என்பது தேர். டுடே என்பது தட் டே. டுமாரோ என்பது தி நெக்ஸ்ட் டே. நெக்ஸ்ட் இயர் என்பது தி ஃபாலோயிங் இயர்... உங்களுக்கும் ஞாபகம் இருக்குமே? பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு மாதிரி கோரஸாகச் சொன்னோம். ஏன் மாற வேண்டும் என்று யாராவது கேட்டோமா? மார்க் வந்தது, வாங்கிக்கொண்டோம்.

சங்கீதா கேட்டாள். “டாக்டர் சொன்னது டுமாரோதானே? நாம ஏன்க்கா அதை மாத்தணும்?”

“ரூல் அப்படிம்மா” என்றேன். பதில் தெரியாதவர்கள் காலம்காலமாகச் சொல்லும் பதில்.

உண்மையான பதில் அடுத்த வாரம் அவளுடைய ஆஸ்பத்திரியிலேயே கிடைத்தது. இட்லி ரூபத்தில்!

ஒரு நோயாளிக்குக் குடலிறக்க ஆபரேஷன். முந்தின நாள் சாயங்காலம் டாக்டர் ஒரு நர்ஸிடம் சொல்லியிருக்கிறார்: “நாளைக்குக் காலைல அவருக்கு எதுவும் குடுக்காதீங்க.” மறுநாள் காலை ஷிஃப்ட் மாறும்போது அந்த நர்ஸ் சங்கீதாவிடம் பொறுப்பாகச் சொன்னாள்: “டாக்டர், ‘நாளைக்குக் காலைல எதுவும் குடுக்காதீங்க’ன்னு சொன்னாரு சிஸ்டர்.”

நாளைக்குத்தானே? சரி. கேஸ் ஷீட்டில் தேதியோடு ஒழுங்காக எழுதித்தான் இருந்தது. கூட்டம் நெரித்த காலை, சங்கீதா அதை எடுத்துப் பார்க்கவில்லை. அந்த மனிதர் தேங்காய் சட்னியோடு இட்லியைத் திருப்தியாகச் சாப்பிட்டு முடித்தார். ஆபரேஷன் தள்ளிப்போனது. டாக்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவள் சங்கீதா.

வீட்டுக்கு வந்து பையைக்கூட இறக்கவில்லை. “அந்தப் பொண்ணு மேல தப்பு சொல்ல முடியாதுக்கா. டாக்டர் சொன்னதை அப்படியேதான் சொன்னா. அப்படியே சொன்னதுதான் தப்பு!”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. தமிழில் நமக்கு ஒரு ‘ன்னு’ இருக்கிறது. யார் என்ன சொன்னாலும் அவர் வார்த்தையை அப்படியே எடுத்து, ஒரு ‘ன்னு’ ஒட்டி, அடுத்தவரிடம் கைமாற்றிவிடலாம். சௌகரியம்தான். ஆனால் சொன்ன நாளும் சொன்ன இடமும் பழையபடியே உள்ளே இருக்கும். கோயில் உற்சவம் முடிந்து தேர்க்கடையெல்லாம் பிரித்த பிறகும், குடும்ப குரூப்பில் ‘நாளைக்குக் கருடசேவை’ என்று யாராவது ஃபார்வர்ட் செய்வதில்லையா? அது மாதிரி.

இங்கிலீஷ்காரன் அப்படி விடுவதில்லை. நீ இப்போது எங்கே நிற்கிறாய், இன்றைக்கு என்ன நாள் – அதை வைத்துச் சொல் என்கிறான்.

அன்றிலிருந்து அவளுக்குப் பிடித்தது ஒரு வெறி. ஆஸ்பத்திரியில் யார் ‘நாளைக்கு’ என்றாலும் மடக்கினாள். “எந்த நாளைக்கு? கிழமை சொல்லு.” அவளுக்கு ‘எந்த நாளைக்கு சிஸ்டர்’ என்றே பேர் வைத்துவிட்டார்கள். அவள் கண்டுகொள்ளவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதுப் பெண்கள்கூட முதுகுக்குப் பின்னால் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே கிழமையும் சொன்னார்கள்!

வீட்டிலும் இதே கதை. மகள் பேசியது, தண்ணீர் கேன் போடுபவர் பேசியது, பிரபுவுக்கு வந்த போன் – எல்லாவற்றையும் இங்கிலீஷில் மாற்றி என்னிடம் வந்து ஒப்பிப்பாள். ஒரு நாள் பிரபுவின் கஸ்டமர், “நாங்க இங்க கோபுரத்துக்கு எதிர்லதான் நிக்கிறோம்” என்று போனில் சொன்னாராம். காஞ்சிபுரத்தில் கோபுரத்துக்கு எதிரே என்றால் பாதி ஊர்! பிரபு சின்ன காஞ்சிபுரத்துக்கும் பெரிய காஞ்சிபுரத்துக்கும் அலைந்துவிட்டு வந்து புலம்ப, இவள் அதையும் ‘ஹியர்’ இருந்த இடத்தில் ‘தேர்’ போட்டு எழுதிக்கொண்டு வந்தாள்.

இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

காலையில் நான் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். எதிரே பேனாவும் பேப்பருமாகச் சங்கீதா. மாற்றுவதற்கு வாக்கியம் தீர்ந்துவிட்டது என்றாள்.

“நீ வெளிநாடு போறதைப் பத்தி பிரபு ஏதாவது சொல்லியிருப்பான்ல? அதை எழுதேன்” என்றேன். சத்தியமாக வேறு எதையும் மனதில் வைத்துச் சொல்லவில்லை.

வாயால் முணுமுணுத்தபடி எழுதினாள். “ஹீ செட் தட் வீ வுட் கோ... தி ஃபாலோயிங் இயர்.”

பேனா நின்றது.

“அக்கா, இந்த ஃபாலோயிங் இயர் எது?”

“அவன் எப்போ சொன்னான்?”

“கல்யாணம் பேசும்போது. ‘அடுத்த வருஷம் போலாம்’னு சொன்னாரு.”

“அப்போ... கல்யாணம் பேசினதுக்கு அடுத்த வருஷம்.”

“அது பாப்பா பொறந்த வருஷம்க்கா.”

பாப்பா இப்போது மூன்றாம் வகுப்பு.

அவள் மறுபடி எழுதினாள். பாப்பா கைக்குழந்தையாக இருந்தபோது, ‘இவ நடக்கட்டும், அடுத்த வருஷம் பாக்கலாம்.’ கார் வாங்கியபோது, ‘லோன் கொஞ்சம் அடையட்டும், அடுத்த வருஷம்.’ ஒவ்வொன்றுக்கும் ஒரு ஃபாலோயிங் இயர். ஒவ்வொன்றும் எப்போதோ வந்து, எப்போதோ போய்விட்ட வருஷம்.

தமிழில் இத்தனை நாளாக அவள் என்னிடமே சொல்லியிருக்கிறாள்: ‘அடுத்த வருஷம்னு சொல்லிக்கினு இருக்காருக்கா.’ கேட்கும்போது அது இன்னும் வராத வருஷமாகத்தான் இருக்கும். எட்டிப் பிடிக்கிற தூரத்தில், முன்னால் நிற்கும். இங்கிலீஷில் எழுதியதும் முதுகுக்குப் பின்னால் போய்விட்டது.

சங்கீதா பேனாவை மூடினாள். “சரிக்கா” என்று மட்டும் சொல்லிவிட்டு மாடிக்குப் போனாள்.

மதியம்தான் பிரபு இறங்கி வந்து அந்தக் கேள்வியைக் கேட்டது.

“உள்ள வாப்பா, உக்காந்து பேசு” என்றேன்.

“இல்லக்கா. காலைல இருந்து ‘எந்த வருஷம், எந்த வருஷம்’னு அதையே புடிச்சிக்கினு இருக்குறா. நான் இன்னா பேச்சு மாறுனவனா? கல்யாணத்தப்பவும் அடுத்த வருஷம்னுதான் சொன்னேன். இன்னைக்கும் அதையேதான் சொல்றேன்!”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன். சங்கீதா சிரிக்கவில்லை.

“அதாங்க. அதையேதான் சொல்றீங்க.”

“இப்ப இன்னாங்கிற?”

“வர்ற மாசம் பதினாலாம் தேதி பரீட்சை. மெட்ராஸ்ல. பேர் குடுத்துட்டேன்.”

“என்னைக் கேக்காமலா?”

“கேட்டிருந்தா இன்னா சொல்லியிருப்பீங்க?”

பிரபு என் பக்கம் திரும்பினான்.

பிறகு அவன் பேசியபோது குரல் இறங்கியிருந்தது. அவளிடம் பேசவில்லை, என்னிடம்தான் பேசினான்.

“எங்க அண்ணன் துபாய்க்குப் போனாருக்கா. சீக்கிரமா வந்துடறேன்னு சொல்லிட்டுதான் போனாரு. எங்க அம்மா செத்ததுக்குக்கூட வர முடியல. அவரு பொண்ணு அவரை போன்ல பாத்தே வளந்துச்சு. நேர்ல வந்தப்போ கிட்டவே போகல. என் பொண்ணும் அதோட அம்மாவை அப்படித்தான் பாக்கணுமா?”

சங்கீதா படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவள் முகத்தைப் பார்த்தபோதே தெரிந்தது... இதை அவன் அவளிடம் ஒருநாளும் சொன்னதில்லை. பயமாக இருக்கிறது என்று சொல்ல வேண்டிய இடத்தில் எல்லாம் ‘அடுத்த வருஷம்’ என்று சொல்லிச் சமாளித்திருக்கிறான். எத்தனை வீட்டில் இது நடக்கிறது! ‘மாட்டேன்’ என்றால் சண்டையாவது போடலாம். ‘அப்புறம் பாக்கலாம்’ என்பவரோடு எப்படிச் சண்டை போடுவது?

“உங்களை விட்டுட்டுப் போறேன்னு யாரு சொன்னது?” என்றாள் சங்கீதா.

“பின்ன?”

“முதல்ல நான் போவேன். வேலைல சேந்து, வீடு பாத்து, உங்களையும் பாப்பாவையும் கூட்டிப்பேன். அதுக்கு வழி இருக்குது. ஒரு தடவையாவது உக்காந்து கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்ல?”

“எனக்கு அங்க இன்னா வேலை?”

“ஏன், அங்க ரோடு இல்லையா? காரு இல்லையா?”

சினிமாவாக இருந்தால் இந்த இடத்தில் பிரபு மனம் மாறியிருப்பான். இது எங்கள் மாடி வீடு. “யோசிக்கணும்” என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனான். அதற்குப் பிறகு பல நாள் மாடியிலிருந்து டிவி சத்தம் மட்டும்தான் கேட்டது.

ஆனால் சங்கீதா நிற்கவில்லை. டியூட்டி முடிந்து வந்து, சமைத்து, மகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்து, தினமும் ஒரு கடிதம் எழுதி என்னிடம் நீட்டினாள். நான் அம்பேல் என்று கையைத் தூக்கிய பிறகு, ஆன்லைனில் ஒரு டீச்சரைப் பிடித்துத் திருத்தி வாங்கினாள்.

பதினாலாம் தேதி பிரபுவுக்குக் கல்யாண வீட்டு சவாரி. அவன் அதை விடவில்லை, அவளும் கேட்கவில்லை. மகளை என்னிடம் விட்டுவிட்டு, விடிந்ததும் பஸ் ஏறித் தனியாகப் போனாள். சாயங்காலம் களைத்துப்போய் வந்தவளிடம், “எப்படி எழுதினே?” என்று கேட்டேன்.

“பாத்ரூம்ல வழுக்கி விழுந்த ஒருத்தரைப் பத்தி லெட்டர்க்கா. ‘யெஸ்டர்டே’ன்னு எழுதக் கை போயிடுச்சு. புடிச்சு நிறுத்திட்டேன்!”

ரிசல்ட் வந்தது. தேறிவிட்டாள்.

இதை எனக்கு முதலில் சொன்னது சங்கீதா அல்ல, பிரபு. அன்றைக்கு அவள் டியூட்டியிலிருந்து அவனுக்குத்தான் போன் செய்திருக்கிறாள். அவன் ஒரு பட்டுக்கடை வாசலில் காரை நிறுத்திக் காத்துக்கொண்டிருந்தானாம்.

“கஸ்டமர் எல்லாம் கடைக்குள்ள போயிட்டாங்கக்கா. பார்க்கிங்ல நான் ஒருத்தன்தான் நின்னுக்கினு இருந்தேன். யார்கிட்டயாவது சொல்லணும் போல இருந்துச்சு. வாட்ச்மேன்கிட்ட சொன்னேன். ‘என் சம்சாரம் வெளிநாட்டு பரீட்சை பாஸ் பண்ணிட்டா’ன்னு. அவருக்கு ஒண்ணும் புரியல. ஆனா கை குடுத்தாரு.”

“சரிப்பா. நீ யோசிக்கணும்னியே, யோசிச்சியா?”

“எனக்கும் பாப்பாவுக்கும் பாஸ்போர்ட்டுக்குப் போட்டுட்டேன்க்கா. வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருக்காங்க.”

கவனித்தீர்களா? கிழமையோடு சொன்னான்.

இன்னும் இன்டர்வியூ இருக்கிறது, விசா இருக்கிறது, மகளைப் பிரிந்து இருக்கப்போகும் மாதங்கள் இருக்கின்றன. எதுவும் சுலபமில்லை. அது சங்கீதாவுக்கும் தெரியும். ஆனால் ஒவ்வொன்றுக்கும் அவளிடம் ஒரு தேதி இருக்கிறது.

சொன்ன சொல் மாறாதவர் என்று பலரை நாம் பெருமையாகச் சொல்கிறோம். சொல்லைக் காப்பாற்றினால் மட்டும் போதுமா? சொன்ன நாள் என்று ஒன்று இருக்கிறதே... அதையும் யாராவது காப்பாற்ற வேண்டாமா?

வெள்ளிக்கிழமை அப்பாவும் மகளும் பாஸ்போர்ட் ஆபீஸ் போய் வந்தார்கள். அங்கே போட்டோ எடுக்கும்போது சிரிக்கக் கூடாதாமே – பிரபுவை மூன்று தடவை எடுக்க வேண்டியதாயிற்றாம்!