அவருடைய சீரோ

என் கணவர் இறந்த வருடம், அவருடைய துப்பாக்கி குறி தவறத் தொடங்கியது. சரியாகச் சொன்னால், நான் சுட்டபோது தவறியது. இரண்டும் ஒன்றல்ல என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு மழைக்காலம் முழுக்கத் தேவைப்பட்டது.

அது ஐம்பது மீற்றர் தூரத்துக்குப் படுத்துக்கொண்டு சுடுகிற சிறிய ரகத் துப்பாக்கி. வெள்ளவத்தையில் எங்கள் மாடிக் குடியிருப்பில் அதைப் பற்றி யாருக்கும் தெரியாது. சனிக்கிழமைகளில் கிளப்புக்குப் போகிறோம் என்போம்; டென்னிஸ் என்று நினைப்பார்கள். நாங்கள் திருத்துவதில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த இரண்டு பேர் விருப்பப்பட்டுத் துப்பாக்கி தூக்குகிறோம் என்றால் பிறகு நிறைய விளக்கவேண்டி வரும்.

அவர் இருக்கும்வரை நான் கிளப்பின் பொதுத் துப்பாக்கியில்தான் சுட்டேன். அவர் போனபின் அவருடையது ஆயுத அறையில் கிடந்தது. அதை என் பெயருக்கு மாற்றக் கிளப் சிபாரிசு செய்யவேண்டும். சிபாரிசு வேண்டுமென்றால் அதே துப்பாக்கியால் ஒரு தேர்வுச் சுடுதலில் தேறவேண்டும். தேறாவிட்டால் அரசிடம் ஒப்படைத்துவிட வேண்டும். செயலாளர் இதை மரியாதையாகத்தான் சொன்னார்.

என்னோடு வந்தவர் என் கணவரின் சிநேகிதர், கொட்டாஞ்சேனைக்காரர். நான் பஸ்ஸில் அவர் வீடுவரை போவேன். அங்கிருந்து அவருடைய வான் வண்டியில், ஒருகொடவத்தைக் கொள்கலன் லொறிகளுக்குப் பின்னால் ஊர்ந்து, நகரத்துக்கு வெளியே உள்ள சுடுதிடலுக்குப் போவோம். வழியெல்லாம் பேசிக்கொண்டே வருவார். அந்த வருடம் கொஞ்சம் அதிகமாகவே பேசினார்.

முதல் நாள் என் ஐந்து குண்டுகளும் தாளில் ஐந்து திசையில் விழுந்தன. அவர் தன் தொலைநோக்கியால் பார்த்துவிட்டு, "என்ன அக்கா, விதை தூவுறீங்களா?" என்றார்.

நான் ஒழுங்காகத் தொடங்கினேன். இரும்பையும் மரக்கட்டையையும் பிணைக்கும் ஸ்குரூக்களைப் பார்த்தேன், இறுக்கமாக இருந்தன. குழலைத் துடைத்தேன். வேறு பெட்டிக் குண்டு போட்டுப் பார்த்தேன். குறிபார்க்க மேலே பூட்டியிருந்த ஸ்கோப்பின் திருகுகளை மேலே, வலது, கீழே, இடது என்று ஒரே அளவு திருப்பிச் சுட்டேன். குண்டு விழும் இடம் சதுரம் போட்டுப் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்திருக்க வேண்டும். என் சதுரம் உதறிப்போட்ட துணி மாதிரி இருந்தது. அதே சோதனையை அவர் செய்தார். அழகான சதுரம். பிறகு ஒரே இடத்துக்கு ஐந்து சுட்டார். ஐந்தையும் ஒரு ஐந்து ரூபாய்க் குற்றியால் மூடலாம்.

"துப்பாக்கிக்கு ஒண்ணும் இல்ல அக்கா. வெடிக்க முதலே நீங்க கண்ண மூடுறீங்க."

"நீங்கள் பாத்தனீங்களோ?"

"பாக்கத் தேவல்ல. பேப்பர் சொல்லுது."

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் கோபம் ஒரு பதில் அல்ல. அதனால் அவரையே துப்பாக்கியை நிரப்பித் தரச் சொன்னேன், சிலவேளை குண்டு போட்டு, சிலவேளை போடாமல், எது என்று எனக்குச் சொல்லாமல். குண்டு இல்லாமல் விசை "டிக்" என்றபோது பயந்த கை குழலைக் கீழே அமுக்கும். என் குழல் அசையவில்லை. அவர் மறுபடி மறுபடி செய்து பார்த்தார்.

"சரி. பயம் இல்ல," என்றார் கடைசியில். "அப்ப வயசு."

அடுத்த சனிக்கிழமை துப்பாக்கியை மணல் மூட்டைகளில் நன்றாகப் பதித்து, அதைத் தொடாமல், பின்னால் குந்தியிருந்து ஸ்கோப்புக்குள் பார்த்தேன். தலையை மட்டும் சற்று இடப்பக்கம் கொண்டுபோனேன். குறுக்குக் கோடு இலக்கின்மேல் நீந்தியது. வலப்பக்கம் கொண்டுபோனேன். மறுபக்கம் நீந்தியது. துப்பாக்கி ஒரு மயிரளவும் அசையவில்லை. கண் எங்கே இருக்கிறதோ, அதற்கேற்பக் குறி இடம் மாறியது.

அப்படியென்றால் என் கண் ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் இருந்திருக்கிறது. படுத்துப் பார்த்தேன். முழு வட்டம் தெரிய நான் கழுத்தை எக்கவேண்டியிருந்தது. எக்கினால் கன்னம் கட்டையை விட்டுக் கிளம்பியது. கன்னத்தை வைத்தால் வட்டத்தின் ஓரத்தில் ஒரு கறுப்புப் பிறை வந்தது. என் கணவர் ஆறடி, நீளக் கழுத்து. சிநேகிதரும் அதே உயரம். ஸ்கோப் அவர்கள் கண்ணுக்குச் சரியான இடத்தில் பூட்டியிருந்தது. எனக்கு அது மூன்று விரலளவு அதிகமாக முன்னால் இருந்தது.

"ஸ்கோப்பைப் பின்னுக்கு இழுக்கவேணும்," என்றேன்.

"அத மட்டும் தொடாதீங்க அக்கா," என்றார் அவர். "கட்டையில ஸ்பொஞ்ச் வச்சுக் கட்டுவோம்."

கட்டிப் பார்த்தோம். கன்னம் உயர்ந்தது, கண் கிட்ட வரவில்லை. கட்டையின் பின்முனையை வெட்டிக் குறுக்கலாம் என்றார். தேர்வில் என்னைக் கடைசியாகச் சுட விடச் சொல்லி, அதற்குள் கழுத்தைப் பழக்கலாம் என்றார். அவர் சொன்ன வழிகள் எல்லாமே ஸ்கோப்பைச் சுற்றிச் சுற்றித்தான் போயின.

"அந்த சீரோவ மச்சான் வச்சது. நான் பக்கத்துல இருந்தனான். ரெண்டு நாள் எடுத்தான். கழட்டினா அது திரும்பி வராது." சீரோ என்றால் குறுக்குக் கோடு காட்டும் இடத்திலேயே குண்டு விழும்படி ஸ்கோப்பை வைப்பது; அதை வைத்த மச்சான் என் கணவர்.

"கழட்டாட்டி துப்பாக்கியே போயிடும், தம்பி."

அவர் எழுந்து வானுக்குப் போய்விட்டார்.

ஸ்கோப்பைத் தாங்கிய வளையங்களின் மேல்மூடியைப் பிடித்திருந்த ஸ்குரூக்களின் தலையில் குறுக்காகச் சிவப்புக் கோடுகள் இருந்தன. ஸ்குரூ இளகினால் கோடு விலகிக் காட்டிக்கொடுக்கும். என் கணவர் ஒருநாள் நான் நகத்துக்குப் பூசும் கியூடெக்ஸ் போத்தலைக் கேட்டு வாங்கிப் போனது அப்போதுதான் எனக்கு விளங்கியது. கோடுகள் ஒன்றும் விலகியிருக்கவில்லை. சாவியைப் பொருத்தி முதலாவதைத் திருப்பினேன். சிறிய சத்தத்தோடு சிவப்பு உடைந்தது. கொஞ்ச நேரம் அடுத்ததைத் தொடவில்லை. பிறகு மற்றவற்றையும் கழற்றினேன்.

கண்ணை மூடிக்கொண்டு படுத்து, கன்னத்தைத் தன்பாட்டில் கட்டையில் விழவிட்டு, பிறகு கண்ணைத் திறந்தேன். பிறை தெரிந்தால் எழுந்து ஸ்கோப்பைச் சற்றுப் பின்னுக்கு நகர்த்தினேன். கடைசியில் ஒரு தடவை கண்ணைத் திறந்தபோது வட்டம் முழுதாக, வெளிச்சமாக இருந்தது. தூரத்தில் கல் கட்டித் தொங்கவிட்ட நூலோடு குறுக்குக் கோட்டை நேராக்கினேன். ஸ்குரூக்களை மாறி மாறி, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினேன்.

சுட்ட ஐந்தும் இலக்கைவிட்டு வெகு கீழே, இடது மூலையில் விழுந்தன. ஆனால் ஐந்தும் சேர்ந்து விழுந்தன. அத்தனை வாரத்தில் முதல் தடவையாகப் பிழை ஓரிடத்தில் நின்றது. நிற்கிற பிழையைத் திருத்தலாம். வானிலிருந்து எப்போது திரும்பி வந்தார் என்று தெரியாது; பக்கத்தில் படுத்துத் தொலைநோக்கியில் கண்ணை வைத்திருந்தார்.

"இடது. கீழ விழுது," என்றார். நான் திருகுகளைத் திருப்பித் திருப்பிச் சுட்டேன். "இன்னும். இன்னும் மேல. சரி."

தேர்வில் தேறினேன். நிறையப் புள்ளியால் அல்ல. தேவையானதைவிடச் சற்றுக் கூட. செயலாளர் கை கொடுத்தார். கடிதம் வரும் என்றார்.

திரும்பும்போது சிநேகிதர் பேசவே இல்லை. ஒருகொடவத்தையில் ஒரு லொறி வாசலில் திரும்ப முடியாமல் வீதியை மறித்துக்கொண்டு நின்றது. அவர் ஹோர்ன் அடிக்காமல் காத்திருந்தார்.

"இனி மச்சான் வந்து படுத்தாலும் ஸ்கோப்புக்குள்ள ஒண்ணும் தெரியாது அக்கா," என்றார்.

"ஓம்," என்றேன். "தெரியாது."

லொறி விலகியது. அவர் கண்ணைத் துடைத்துவிட்டு வானை எடுத்தார்.